டாக் டாக்: ஐந்து ஆல்பம், ஒரு குரல்

டாக் டாக் இசைக்குழுவைக் கேட்டுப் பாருங்கள் என்று யாரிடமாவது சொன்னால், எந்த ஆண்டு டாக் டாக் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைக் கேட்டவர், சிந்தசைஸர் துள்ளும் எண்பதுகளின் இன்னொரு பாப் குழு என்று நினைத்துக்கொள்வார். 1991ஆம் ஆண்டுப் பாட்டைக் கேட்டவர் இது ராக்கா, ஜாஸா, தேவாலயத்துப் பாட்டா என்று குழம்பிப்போவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்பதே ஆண்டுகள். பாடியவரும் மாறவில்லை, டிரம்ஸ் வாசித்தவரும் மாறவில்லை.

பாதை மாறிய ஆங்கிலேய ராக் குழுக்கள் பல உண்டு. ரேடியோஹெட் 2000இல் 'கிட் ஏ' வெளியிட்டு ரசிகர்களைத் திகைக்க வைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது டாக் டாக்கின் கதைதான். அவர்கள் போன வழியில் அவர்களுக்கு முன்னால் போனவர் யாரும் இல்லை. அந்த வழிக்குப் பெயர்கூட அப்போது இல்லை. 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1994இல். அதற்குள் டாக் டாக் கலைந்தே போயிருந்தது.

டாக் டாக்கின் பாடகர் மார்க் ஹாலிஸ் 1955 ஜனவரியில் லண்டனின் டாட்டன்ஹாமில் பிறந்தவர். அவருக்கு இசையின் கதவைத் திறந்துவிட்டவர் அண்ணன் எட் ஹாலிஸ். எடி அண்ட் த ஹாட் ராட்ஸ் என்ற குழுவுக்கு மேலாளராக இருந்தவர், இசைத்தட்டுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருந்தவர். பங்க் அலை எழுந்தபோது மார்க்கும் த ரியாக்‌ஷன் என்ற குழுவைத் தொடங்கி ஒரு சிங்கிள் வெளியிட்டுப் பார்த்தார், அது எடுபடவில்லை. 1981இல் டாக் டாக் உருவானது. பேஸ் கிட்டாருக்கு பால் வெப், டிரம்ஸுக்கு லீ ஹாரிஸ், கீபோர்டுக்கு சைமன் பிரென்னர். வெப்பும் ஹாரிஸும் சவுத்எண்டில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். இந்தக் குழுவில் கிட்டார் வாசிப்பவர் என்று தனியாக ஒருவர் இல்லவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் காலியிடமும் ஒரு காரணம்.

இஎம்ஐ நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. அப்போது அந்த நிறுவனத்தின் செல்லப்பிள்ளை டூரன் டூரன். அவர்களுக்குத் தயாரிப்பாளராக இருந்த காலின் தர்ஸ்டனே இவர்களுக்கும் தயாரிப்பாளர். அவர்களுடைய கச்சேரிகளில் முதலில் மேடையேறி வாசித்தவர்களும் இவர்களே. பெயரிலும் அதே இரட்டைக்கிளவி. பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? 'தி பார்ட்டிஸ் ஓவர்' 1982இல் வந்தபோது இது டூரன் டூரனின் நகல் என்றே எழுதினார்கள். ஹாலிஸோ பேட்டி தந்த இடத்திலெல்லாம் மைல்ஸ் டேவிஸ், டெபுஸி, சாட்டி என்று பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களைக் கேட்டவர்களுக்கு அது வெறும் பந்தாவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த முதல் ஆல்பத்தை ஒதுக்கித் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. டாக் டாக் ரசிகர்களில் ஒரு சாரார் கடைசி இரண்டு ஆல்பங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, முன்னால் வந்தவற்றை வயிற்றுப்பிழைப்புக்குச் செய்தவை என்பதுபோலப் பேசுவார்கள். 'டுடே' என்ற பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்துப் பட்டியலில் 14ஆம் இடம் வரை போன பாட்டு அது. பின்னணியில் எல்லாம் அந்தக் காலத்து மினுமினுப்பு. நடுவில் ஹாலிஸின் குரல் மட்டும் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். மெய்யெழுத்துகளை விழுங்கி, உயிரெழுத்துகளை இழுத்து, அழுகையின் விளிம்புவரை போய்த் திரும்பும் குரல். நல்ல உடையணிந்து நடனமாட வந்தவர்கள் நடுவே ஒருவர் மட்டும் ஏதோ துக்கச் செய்தியோடு வந்து நிற்பது தெரியும். அந்தக் குரலுக்கு ஏற்ற இசை எது என்று தேடிப் போனதுதான் இந்தக் குழுவின் மொத்தப் பயணமும் என்று நான் நினைக்கிறேன்.

பிரென்னர் 1983இல் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் டிம் ஃப்ரீஸ்-கிரீன். அவர் பெயர் ஆல்பங்களில் தயாரிப்பாளர் என்றும் உடன் எழுதியவர் என்றும்தான் இருக்கும். புகைப்படங்களில் பெரும்பாலும் நிற்க மாட்டார். கச்சேரி மேடையில் காண முடியாது. ஆனாலும் ஹாலிஸுக்கு அடுத்தபடியாக டாக் டாக்கின் ஒலியைச் செதுக்கியவர் அவரே. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது டைட் ஃபிட் குழுவின் 'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. 1982இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த, குழந்தைகளும் பெரியவர்களும் கூடிப் பாடும் ஜனரஞ்சகப் பாட்டு. எட்டுத் திக்கும் விற்கும் பாட்டு எப்படிச் செய்வது என்று அறிந்த ஒரு மனிதர், விற்கவே விற்காத இசைக்கு ஹாலிஸோடு தோள் கொடுத்தார்.

1984இல் 'இட்ஸ் மை லைஃப்' வந்தது. ஐரோப்பா முழுக்க ஓடியது, இங்கிலாந்தில் அவ்வளவாக ஓடவில்லை. தலைப்புப் பாட்டு அங்கே 46ஆம் இடத்தில் நின்றுவிட்டது. 'சச் எ ஷேம்' ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரிய ஹிட். எந்த முடிவையும் பகடை உருட்டி எடுக்கும் ஒருவனைப் பற்றி லூக் ரைன்ஹார்ட் எழுதிய 'த டைஸ் மேன்' நாவலிலிருந்து பிறந்த பாட்டு அது. 'இட்ஸ் மை லைஃப்' பாட்டுக்கு டிம் போப் எடுத்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். காட்டு விலங்குகளின் படக்காட்சிகள் ஓடும். நடுநடுவே லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஹாலிஸ் நிற்பார், பாடுவதுபோல வாயசைக்க மாட்டார். எம்டிவி கோலோச்சிய காலத்தில் இப்படி நிற்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். நிறுவனத்துக்குப் பிடிக்காமல், வாயசைத்து இன்னொரு வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்கள். ஹாலிஸ் அதிலும் ஒப்புக்குத்தான் வாயசைத்தார்.

சிந்தசைஸரைப் பற்றி ஹாலிஸ் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அது செலவைக் குறைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். உண்மையான வாத்தியக்காரர்களை அழைக்கக் காசு இருந்தால் அதைத் தொடவே மாட்டேன் என்கிற ரீதியில். பலரும் இப்படிச் சொல்வார்கள். இவர் செய்து காட்டினார். ஐரோப்பாவின் ஹிட்டுகளால் பணம் வந்ததும், இன்னும் விலை கூடிய சிந்தசைஸர் வாங்காமல், அதைக் கிட்டத்தட்ட மூலையில் தள்ளிவிட்டு ஆட்களை அழைத்தார்கள்.

அப்படி அழைத்து 1986இல் செய்த ஆல்பம் 'தி கலர் ஆஃப் ஸ்ப்ரிங்'. டிராஃபிக் குழுவின் ஸ்டீவ் வின்வுட் வந்து ஆர்கன் வாசித்தார். டேனி தாம்ப்சன் டபுள் பேஸோடு வந்தார். ராபி மெக்கின்டாஷும் டேவிட் ரோட்ஸும் கிட்டார் வாசித்தார்கள். 'ஹேப்பினெஸ் இஸ் ஈஸி' பாட்டில் குழந்தைகள் கோரஸ் பாடுகிறார்கள். ஆல்பம் இங்கிலாந்தில் 8ஆம் இடம். விற்பனை, விமர்சனம் இரண்டும் ஒன்றாகக் கைகொடுத்த ஒரே டாக் டாக் ஆல்பம் இதுதான். 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' இதில் உள்ளது. ஒரு சிங்கிள்கூட இல்லையே என்று மேலாளர் தரப்பு நச்சரித்ததில் கடைசியாகச் சேர்ந்த பாட்டு. பியானோவின் தாழ்ந்த கட்டைகளில் ஒரே ஒரு வரி தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வரும், மாறவே மாறாது. அதன்மேல் ஹாரிஸின் டிரம்ஸ் மலையிறங்கும் லாரிபோல உருளும். ஹிட் கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்ததுகூட இப்படி ஒரு பிடிவாதமான பாட்டுதான்.

என் கணக்கில் இந்த ஆல்பத்தின் உயிர் அந்த ஹிட்டில் இல்லை. 'ஏப்ரல் 5த்', 'கமீலியன் டே' என்ற இரண்டு சிறிய பாட்டுகளில் இருக்கிறது. 'கமீலியன் டே' பாட்டில் டிரம்ஸ் கிடையாது. பியானோவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்வரங்கள், காற்றுவாத்தியம் போன்ற ஒரு முனகல், ஹாலிஸின் குரல். முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஓர் இடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு மறுபடியும் அடங்குவார். மூன்றரை நிமிடம்கூட வராது. அடுத்து வரப்போகும் இரண்டு ஆல்பங்களின் விதை முழுசாக அதில் இருக்கிறது. 1986இல் அதைக் கேட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பெரிய ஆல்பம் ஒன்றில் இளைப்பாற வைத்த பாட்டு என்றே தோன்றியிருக்கும்.

அந்த ஆண்டு பெரிய குழுவோடு ஐரோப்பாவைச் சுற்றினார்கள். மான்ட்ரூ விழாவில் வாசித்தது வீடியோவாகவே கிடைக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்துத் தொங்கும் ஹாலிஸ், பின்னால் இரண்டு தாளவாத்தியக்காரர்கள், எல்லோரும் உச்சத்தில். அந்தச் சுற்றுப்பயணத்தோடு மேடைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு டாக் டாக் எங்கேயும் கச்சேரி செய்யவே இல்லை.

இனி வருவதுதான் நான் சாவகாசமாகச் சொல்ல விரும்பும் பகுதி.

வெற்றி பெற்ற குழு என்பதால் அடுத்த ஆல்பத்துக்கு இஎம்ஐ தாராளமாகப் பணம் ஒதுக்கியது, இடையில் வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. 1987இல் லண்டன் ஹைபரியில் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் இறங்கினார்கள். பழைய தேவாலயக் கூடம் ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றிய இடம் அது. சவுண்ட் இன்ஜினியர் ஃபில் பிரவுன். அறுபதுகளிலிருந்தே பெரிய ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தவர். அவர் பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் பேட்டிகளிலும் அந்த நாட்களை விவரித்திருக்கிறார். கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சுவரில் எண்ணெய்ப் படலம் நெளியும் புரொஜெக்டர் வெளிச்சம், டிரம்ஸ் பக்கம் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு. பகலா இரவா என்று தெரியாது. மாதக்கணக்கில் இப்படியே.

வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். டேனி தாம்ப்சன் மறுபடியும் வந்தார். ட்ரம்பெட்டுக்கு ஹென்றி லௌதர், ஹார்மோனிகாவுக்கு மார்க் ஃபெல்தம், வயலினுக்கு நைஜல் கென்னடி. விவால்டியின் பருவகால இசையால் விரைவிலேயே உலகப் புகழ் பெறப்போகும் அதே கென்னடிதான். வந்தவரை இருட்டில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனைக் கொடுத்து, பாட்டை ஓடவிட்டு, தோன்றியதை வாசியுங்கள் என்பார்கள். என்ன ராகம், எங்கே நிறுத்த வேண்டும், ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் மணிக்கணக்காக வாசித்துவிட்டுப் போவார். பிறகு ஹாலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் உட்கார்ந்து அத்தனையையும் முறத்தில் போட்டுப் புடைத்ததுபோலப் பார்த்து, சில விநாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழிப்பார்கள். வைத்துக்கொண்டது பெரும்பாலும் வாசித்தவர் பிரமாதமாக வாசித்த இடமாக இருக்காது. கை தடுமாறிய இடம், வாத்தியத்தைச் சரிசெய்துகொண்ட இடம், மூச்சு வாங்கிய இடம். டிஜிட்டல் டேப் புதிதாக வந்திருந்த காலம். ஓரிடத்தில் வாசித்த துண்டை எடுத்து, ஒலி மங்காமல், பாட்டின் வேறோர் இடத்தில் பொருத்திப் பார்க்க முடிந்தது. பல பேர் வெவ்வேறு நாட்களில் தனித்தனியாக வாசித்த துண்டுகள், ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசித்ததுபோல ஒன்றாயின.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அமைதியைச் சொல்வார்கள். எளிமை என்றும் சொல்வார்கள். எளிமை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாசிக்க ஆள் இல்லாமலோ யோசனை வற்றியோ வந்த அமைதி இல்லை அது. ஏராளமாக வாசித்து, ஏராளமாக அழித்து, ஏறக்குறைய ஓராண்டு உழைத்துச் சம்பாதித்த அமைதி. ஒவ்வொரு இடைவெளியிலும் முன்பு ஏதோ இருந்திருக்கிறது. ஒரே ஒரு ஸ்வரத்தைக்கூடக் காரணமில்லாமல் வாசிக்கக் கூடாது என்ற பொருளில் ஹாலிஸ் பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் செய்த வேலையைத் தெரிந்துகொண்டு கேட்டால் அது தத்துவம் பேசியதாகத் தோன்றாது. தினசரி வேலை எப்படி நடந்தது என்று சொன்னதாகவே தோன்றும்.

'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' 1988 செப்டம்பரில் வந்தது. மொத்தம் ஆறு பாட்டுகள், 41 நிமிடங்கள். முதல் மூன்றும் இடைவெளியில்லாமல் ஒன்றில் ஒன்று கரையும். 'த ரெயின்போ' தொடங்கி இரண்டு நிமிடம் போலப் பாட்டு என்று எதுவும் இருக்காது. ட்ரம்பெட் எங்கோ தொலைவில் ஊதும், தந்திகள் முனகும், ஏதோ உலோகம் உரசும். பிறகு ஒரு ப்ளூஸ் கிட்டார் சோம்பலாக எழுந்து நடக்கும். ஃபெல்தமின் ஹார்மோனிகா ஆம்ப்ளிஃபயரின் வழியே வந்து யானை பிளிறுவதுபோலக் கிழியும். மூன்றாவதாக வரும் 'டிசையர்' ஆர்கனும் கிசுகிசுப்புமாகத் தொடங்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டீர்களானால் வம்புதான், ஏனென்றால் திடீரென்று டிரம்ஸும் கிட்டாரும் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். ஒரு சுற்று இரைந்துவிட்டு எதுவும் நடக்காததுபோல மறுபடி அடங்கிவிடும். இந்த மேடுபள்ளம் பிற்பாடு எத்தனையோ குழுக்களுக்குப் பாடப்புத்தகமானது. ஆனால் அவர்களில் பலர் ஏறும் வழியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். அடங்குவதில் டாக் டாக்குக்கு இருந்த நிதானம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

'ஐ பிலீவ் இன் யூ' ஹெராயின் பற்றிய பாட்டு. அண்ணன் எட் அந்தப் பழக்கத்தில் சிக்கியிருந்தவர். ஆல்பம் வந்த மறு ஆண்டு இறந்துபோனார். பாட்டு குறிப்பாக அவரைப் பற்றியது அல்ல என்றுதான் மார்க் சொல்லியிருக்கிறார். அதில் ஓரிடத்தில் செம்ஸ்ஃபர்ட் பேராலயத்தின் பாடகர் குழு நுழைகிறது. வேறு யாராக இருந்தாலும் அத்தனை குரல்களை வைத்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டம் காட்டியிருப்பார்கள். இங்கே அந்தக் குரல்கள் ஆர்கனுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வருவதுபோல வரும். நான் இந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

நிறுவனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிங்கிளாக ஓடக்கூடிய பாட்டு இல்லை, கச்சேரிக்கும் வரமாட்டோம் என்கிறார்கள். ஆல்பம் 19ஆம் இடம் வரை போனதே பெரிது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காலக்கெடுவைப் பற்றி வழக்கு எழுந்தது. ஆல்பம் திருப்திகரமாக முடித்துத் தரப்படவில்லை, அதனால் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் குழு வென்று விடுபட்டது. 1990இல் பழைய பாட்டுகளைத் தொகுத்து 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று இஎம்ஐ வெளியிட்டபோது அது இங்கிலாந்தில் 3ஆம் இடம் பிடித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் 46இல் நின்ற 'இட்ஸ் மை லைஃப்' இந்த முறை 13ஆம் இடம் வந்தது. அடுத்து, பழைய பாட்டுகளை ஆட்களை வைத்து ரீமிக்ஸ் செய்து 'ஹிஸ்டரி ரீவிசிட்டட்' என்று விற்றார்கள். அனுமதியில்லாமல் செய்தது என்று குழு வழக்குப் போட்டு, விற்காத பிரதிகளை அழிக்கவைத்தது. தேவையில்லாத ஒரு ஸ்வரத்துக்குக்கூட இடம் தராத மனிதருடைய பாட்டுகளில் யார் யாரோ தாளம் ஒட்டினால் அவர் சும்மா இருப்பாரா?

பால் வெப் அதற்குள் விலகிவிட்டார். எஞ்சியவர்கள் ஹாலிஸ், ஹாரிஸ், ஃப்ரீஸ்-கிரீன். பாலிடோர் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டு, ஜாஸ் இசைக்குப் பேர்போன வெர்வ் முத்திரையில் வெளியிட முன்வந்தது. 1990 செப்டம்பரில் மறுபடியும் வெசெக்ஸ், மறுபடியும் ஃபில் பிரவுன், மறுபடியும் இருட்டு. 1991 செப்டம்பரில் 'லாஃபிங் ஸ்டாக்' வந்தது.

இதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முதல் பாட்டான 'மர்மன்' ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலோடுதான் தொடங்குகிறது. பதினைந்து விநாடிக்கு அந்த இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. விசிறி ஓடினால் அது அப்படியே முழுகிவிடும். எல்லோரும் துடைத்தெறியும் இரைச்சலை இவர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஒரு கூடம் இருக்கிறது, அதில் ஆள் இருக்கிறார், இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை என்று அது காட்டிவிடுகிறது. டிரம்ஸை ஒலிப்பதிவு செய்ய மைக்கைப் பக்கத்தில் வைக்காமல் எட்டத்தில் வைத்தார்கள். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் இருக்குமே, தூரத்தைக் காதால் அளந்துவிடலாம் என்பதுபோல, அந்த ஆழம் இதிலும் கிடைத்தது.

'அசென்ஷன் டே' கிட்டார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் இருக்கும்போது, கத்திரியால் நறுக்கியதுபோல நடுவிலேயே நின்றுவிடும். சரியாக 6 நிமிடம். முதல்முறை கேட்கிறவர்கள் கருவி பழுதாகிவிட்டது என்று எட்டிப் பார்ப்பார்கள். 'ஆஃப்டர் த ஃப்ளட்' பாட்டில் ஒரு சோலோ வருகிறது. ஒரே ஒரு ஸ்வரம், ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கதறிக்கொண்டே இருக்கும். சோலோ என்றால் விரல் வேகத்தைக் காட்டும் இடம் என்று பழகிய ராக் இசையில் இதைவிட அழுத்தமான சோலோவை நான் கேட்டதில்லை.

ஐந்தாவது பாட்டு 'நியூ கிராஸ்'. ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் ஓடும். என் அக்கா மகன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். அவனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடம் போனதும் ஹெட்ஃபோனைக் கழற்றி, "மாமா, கடைசி வரைக்கும் இதே அடிதானா?" என்றான்.

"ஆமாடா. நீ அதையே வாசிச்சுப் பாரேன்."

உட்கார்ந்து வாசித்தான். அடி சுலபமானதுதான், உடனே பிடித்துவிட்டான். ஆனால் இரண்டு நிமிடம் தாண்டியதும் கை தானாக வேகம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒரு ரோல் போட்டான், சிம்பலை ஓங்கி அடித்தான். அவனே சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். லீ ஹாரிஸ் அந்தப் பாட்டு முழுக்க சிம்பலில் அதே நடையை, அதே எடையில், அலுப்பில்லாமல் வாசித்துக்கொண்டே போகிறார். அது அசையாமல் இருப்பதால்தான் பியானோவும் ஆர்கனும் கிட்டாரும் அதன்மேல் நினைத்தபோது வந்து நினைத்தபோது போக முடிகிறது. டாக் டாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹாலிஸைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஹாரிஸ் இல்லாவிட்டால் இந்த ஆல்பம் சிதறிப்போயிருக்கும்.

இரண்டு ஆல்பங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் 'லாஃபிங் ஸ்டாக்' பக்கம். 'ஈடன்' இன்னும் அழகானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் கேட்பவரைக் கைபிடித்து அழைத்துப்போகும் ஒரு கனிவு உண்டு. 'லாஃபிங் ஸ்டாக்' யாரையும் அழைப்பதில்லை. தானாகப் போய் உட்கார்ந்தவருக்கு மட்டும் மெல்ல மெல்லத் திறக்கிறது. ஜேம்ஸ் மார்ஷ் வரைந்த அட்டைப் படங்களிலும் இந்த வேறுபாடு தெரியும். டாக் டாக்கின் எல்லா ஆல்பங்களுக்கும் அவரே ஓவியர். 'ஈடன்' அட்டையில் கடல் நடுவே ஒரு மரம், கிளையெல்லாம் சிப்பிகளும் பறவைகளும். 'லாஃபிங் ஸ்டாக்' அட்டையில் இலையில்லாத ஒரு மரம். அதில் உட்கார்ந்திருக்கும் பறவைக் கூட்டங்கள் உலக வரைபடத்தின் கண்டங்களாகத் தெரியும்.

அந்த ஆல்பம் 26ஆம் இடம் வரை போயிற்று. குழு அத்தோடு முடிந்தது. சண்டையில்லை, அறிவிப்பில்லை.

ஹாலிஸ் 1998இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரே ஒரு தனி ஆல்பம் தந்தார். மின்வாத்தியமே இல்லை, கிளாரினெட், பஸூன், பியானோ, கிட்டார். இரண்டு மைக்குகளை நடுவே வைத்து, வாத்தியக்காரர்களை அவற்றைச் சுற்றித் தேவையான தூரத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். 'எ லைஃப் (1895–1915)' என்ற பாட்டு அதில் உண்டு. முதல் உலகப் போரில் இருபது வயதில் இறந்த ரோலண்ட் லெய்ட்டனை, எழுத்தாளர் வேரா பிரிட்டன் மணக்கவிருந்தவரை, மனதில் வைத்துச் செய்தது. பிறகு ஹாலிஸ் இசையுலகை விட்டே விலகிக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு நல்ல தகப்பனாகவும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மறுபிரவேசம், கச்சேரி, பழைய நண்பர்களோடு ஒரு சுற்று என்று எத்தனையோ பேர் எதிர்பார்த்தார்கள். 2012இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்குச் சிறு துண்டு ஒன்றை இசைத்ததோடு சரி. 2019 பிப்ரவரியில் 64 வயதில் காலமானார்.

அவர் ஒதுங்கியிருந்த இருபது ஆண்டுகளில் பாட்டுகள் சும்மா இருக்கவில்லை. 2003இல் நோ டவுட் குழு 'இட்ஸ் மை லைஃப்' பாட்டை மறுபடி பாடி அமெரிக்காவில் முதல் பத்துக்குள் கொண்டுபோனது. எல்போ குழுவின் கை கார்வி, வாசிக்கவே தெரியாமல் பங்க்கில் தொடங்கிய ஒருவர் இந்த இடத்துக்கு வந்தது நிலவில் மனிதன் இறங்கியதற்குச் சமம் என்ற அளவில் ஹாலிஸைப் பாராட்டியிருக்கிறார்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினால் இன்னும் நல்ல இசை அகப்படும். ஃப்ரீஸ்-கிரீன் 1992இல் கேத்தரின் வீல் குழுவின் 'ஃபெர்மென்ட்' ஆல்பத்தைத் தயாரித்தார். வெப்பும் ஹாரிஸும் பள்ளித் தோழர்களாகவே மறுபடி சேர்ந்து ஓரங் என்ற குழுவைத் தொடங்கினார்கள். வெப் பிறகு ரஸ்டின் மேன் என்று பெயர் வைத்துக்கொண்டு, போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸோடு 2002இல் 'அவுட் ஆஃப் சீசன்' செய்தார். மழைநாளில் கேட்க வேண்டிய ஆல்பம் அது.

அதே பெத் கிப்பன்ஸ் 2024இல் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். வழக்கமான டிரம்ஸ் ஒலியே வேண்டாம் என்று முடிவுசெய்து அவர் அழைத்தது லீ ஹாரிஸை. ஹாரிஸ் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டியிருக்கிறார்: ஸ்பானியச் சோறு சமைக்கும் அகன்ற தட்டு, தகரம், மாட்டுத்தோலில் செய்த தண்ணீர்க் குடுவை. கிக் டிரம்முக்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது திரைச்சீலைகளைத் திணித்த ஒரு பெட்டி. 'லாஃபிங் ஸ்டாக்' உங்களுக்குப் பிடித்துப்போனால், அடுத்ததாக அந்த ஆல்பத்தை எடுத்து அதில் தாளத்தை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள்.